இடது பக்க ஓரம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால், அத்தானின் இருமல், அம்மா, எல்லாரும் எப்படி என்று எழுது.

போன வாரம் போனில் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. வேலைத் தகராறு எதுவானாலும் இனிமேல் கடிதத்தில்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அப்புறம் இரண்டு பேரும் அம்மாவிடம் போய்ப் புகார் படிப்போம். கடிதத்தில் கத்துவது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லேபில் என்ன நடக்கிறது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பல் டாக்டர்கள் நோயாளியின் வாய் அச்சை அனுப்புவார்கள். அந்த அச்சின் மேல் மெழுகில் ஈறு செய்து, பற்களை வரிசையாகப் பதிப்பது என் வேலை. பிறகு மெழுகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கை நிரப்பி இறுக வைப்பார்கள். கடைசியில் அது பக்கத்து அறைக்குப் போகும். அங்கே பாலிஷ்காரர் ஓரங்களை ராவி, பளபளப்பாக்கி வெளியே அனுப்புவார். இரண்டு அறைக்கும் நடுவே சுவரில் ஒரு சின்ன ஜன்னல். தட்டை அதில் வைத்துத் தள்ளினால் அந்தப் பக்கம் போய்விடும்.

பாலிஷ்காரர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். நாள் முழுக்கக் கண்ணாடியும் மாஸ்க்குமாக இருப்பார். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று அவர் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியுமோ என்னவோ. போன வருடம் சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும், "இவனை ஈறு செய்யச் சொன்னா காம்பவுண்டு சுவர் கட்டுறான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "உங்க கையில சிக்கினா மலையே கூழாங்கல்லா ஆயிடும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. அந்த ஜன்னலுக்கு ஒரு கதவு உண்டு. தட்டைத் தள்ளியதும் சாத்திக்கொள்கிறோம்.

இப்போது செட்டுகள் திரும்பி வர ஆரம்பித்திருக்கின்றன. சில, வாயில் நிற்காமல் கழன்று விழுகின்றன. சில, ஈறில் அழுத்திப் புண்ணாக்குகின்றன. மேனேஜரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். பாலிஷ் என்றேன். பாலிஷ்காரரையும் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். மெழுகு என்றிருப்பார், வேறென்ன?

அது கிடக்கட்டும். அம்மாவுக்கு நான் செய்த செட் எப்படி இருக்கிறது? விடுமுறை நாளில் சாவி வாங்கிப் போய், மெழுகிலிருந்து பாலிஷ் வரை நானே செய்தது. அந்த மனுஷன் கை படாத ஒரே செட் அதுதான். பேசினால் டக்டக்கென்று சத்தம் போடுமே, அந்தப் பழைய செட்டைத் தூக்கிப் போட்டாளா? ஆப்பிள் கடித்தாளா?

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தம்பி

*

பிப்ரவரி 15

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. முழங்கால் படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது, மற்ற நேரம் சமர்த்தாக இருக்கிறது. அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது, அதைப் பற்றிப் பேசுவதுதான் இன்னும் நிற்கவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. முதல் வேலையை விட்டபோது சூப்பர்வைசர் சரியில்லை என்றாய். இரண்டாவதை விட்டபோது கூட வேலை பார்த்தவன் சரியில்லை என்றாய். இப்போது பாலிஷ்காரரா? உலகத்தில் இருக்கிற சரியில்லாத ஆட்களெல்லாம் உன் விலாசம் விசாரித்துக்கொண்டு வருகிறார்களா என்ன?

எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் கேஷ் கவுண்டர் பெண்கள் இரண்டு பேர் ஒரே நாற்காலியை மாற்றி மாற்றி உபயோகிக்கிறார்கள். ஒருத்தி உயரத்தை ஏற்றிவிட்டுப் போவாள், அடுத்தவள் வந்து முணுமுணுத்துக்கொண்டே இறக்குவாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினேன். ஒருத்திக்கு இடுப்பு வலி, மற்றவளுக்குக் கால் எட்டவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி சொல்லவே இல்லை. கவுண்டர் மேற்பார்வைக்கு வந்த நாளிலிருந்து நான் படித்த பாடம் இவ்வளவுதான்: முகத்துக்கு நேரே சொல். நான் அப்படித்தான், உனக்கே தெரியும். நீயும் ஜன்னலைத் திறந்து அந்த மனுஷனிடம் நேராகப் பேசு.

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ செய்த செட்டைக் கண்ணாடி டம்ளரில் போட்டு ஹாலில் அலமாரியில் வைத்திருக்கிறாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம்கூட, "என் மகன் செஞ்சது" என்று காட்டினாள். ஆப்பிள் இப்போது விலை ஜாஸ்தி.

உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் டீயோடு நிறுத்தாமல் ஏதாவது சாப்பிட்டுப் போ.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். முழங்காலுக்கு லிஃப்ட் உள்ள வீடாகப் பார்க்கச் சொல் அத்தானை.

நீ சொன்னபடி பேசிப் பார்த்தேன். என்ன ஆயிற்று, கேள். ஜன்னலைத் திறந்து, "அண்ணே, ஓரத்தைக் கொஞ்சம் விட்டு ராவுங்க" என்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "என்னது?" என்றார். மறுபடி சொன்னேன். "கேக்கல" என்றார். மூன்றாவது தடவை நான் கத்தியபோது அவர் மெஷினை நிறுத்திவிட்டார். லேப் முழுக்க என் குரல்தான் கேட்டது. "கத்தாதே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டார். நேருக்கு நேர் பேசியாயிற்று. திருப்தியா?

நியாயத்தை நீயே சொல். அம்மாவை ஊரில் கொண்டுவந்து விட நான் லீவு போட்டேனே, அப்போது என் இடத்தில் வேறொரு ஆள் மெழுகு வேலை பார்த்தான். அந்த வாரம் போன செட்டெல்லாம் கழன்று விழுந்து திரும்பி வந்தன. அங்கே நானே இல்லை! ராவியது யார்? அவர்தான். இதைவிடச் சாட்சி வேண்டுமா? அவர் என்ன சொல்கிறாராம் தெரியுமா? அவர் கண் ஆபரேஷனுக்கு லீவில் இருந்தபோது தற்காலிக ஆள் பாலிஷ் போட்ட செட்டெல்லாம் ஈறில் அழுத்துகிறது என்று திரும்பினவாம். "அங்க நானே இல்ல, மெழுகு வச்சது யாரு?" என்கிறாராம்.

அவர் ராவுகிற ராவலுக்குத் தாங்க வேண்டுமே என்றுதான் நான் ஓரத்தைக் கனமாக வைக்கிறேன். நோயாளியின் மேல் இருக்கிற அக்கறையில் செய்வது. அது காம்பவுண்டு சுவராம்.

இரண்டு ஞாயிறாக அம்மா போனுக்கு வரவில்லை. ஒரு தடவை குளிக்கிறாள், ஒரு தடவை தூங்குகிறாள் என்றாய். பகல் பதினொரு மணிக்குத் தூங்கும் பழக்கம் எப்போது வந்தது? உடம்பு சரியில்லையா? ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 16

தம்பிக்கு அன்பான ஆசிகள்.

அம்மா உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பிரஷர் பார்த்தோம், அத்தானைவிட நன்றாக இருக்கிறது. வயசானால் பகலில் கண் அசரத்தான் செய்யும்.

மெஷினை நிறுத்திய பிறகு பேச வேண்டியதை நீ ஓடும்போது பேசியிருக்கிறாய். சாப்பாட்டு நேரத்தில், மாஸ்க் இல்லாதபோது பேசு. இன்னொன்று. உங்கள் மேனேஜரம்மா ஏன் எப்போதும் ஒவ்வொருவராகவே கூப்பிடுகிறார்? இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைக்கச் சொல். நீ சொல்லத் தயங்கினால், மரியாதையாக இரண்டே வரியில் எழுதிக் கொடு. பாலிஷ்காரர் மேல் புகாராக மட்டும் எழுதாதே. உன் நாக்கை விட உன் பேனாவுக்கு முன்கோபம் கம்மி என்றாலும் முழுக்க நம்ப முடியாது.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: ஒரு செட் இடது பக்கம், கீழ் ஈறில் அழுத்தினால் அது யாருடைய தப்பாக இருக்கும்? மெழுகா, பாலிஷா? அதற்காக ஒரு ஆளுக்கு வேலை போகுமா?

எங்கள் கவுண்டரில் ஒருத்தி பல் கட்டப் போகிறாள், அதற்காகத்தான் கேட்டேன்.

சாப்பாட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொள்.
அக்கா

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பு சுகம், மற்றது இல்லை.

முதலில் உன் கேள்விக்குப் பதில். அழுத்தினால் ஓரத்தைச் சரியாக ராவாமல் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். பாலிஷ்தான், சந்தேகமே இல்லை. அந்தப் பெண்ணை நல்ல லேபாகப் பார்த்துப் போகச் சொல்.

இப்போது என் சேதி. மேனேஜரம்மா எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. பேசும்போது மேஜையில் இருக்கிற பேனாக்களை ஒரே உயரமாக அடுக்குவது மேனேஜரம்மாவின் பழக்கம். அடுக்கிக்கொண்டே சொன்னார்: "டாக்டருங்க வேற லேபுக்குப் போக ஆரம்பிச்சிட்டாங்க. யார் மேல தப்புன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. ஜூன் கடைசியில ரெண்டு பேர்ல ஒருத்தரை அனுப்பிடுவேன்." சேர்த்துக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். "சந்தைக்கடை ஆக்கவா?" என்றார்.

ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். அவர் அனுப்புவதற்கு முன்னால் நானே போய்விடலாம் என்று. ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. நீ கிண்டல் பண்ணினாலும் சொல்லிவிடுகிறேன், இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா. இதற்கு முன் பார்த்த இரண்டு வேலையிலும் மணி எப்போது ஆறாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு முழு வரிசையைப் பதித்து முடித்து, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் சேர்த்துக் கடிக்கவைத்துப் பார்க்கும்போது பசி மறந்துபோகிறது. இதை விட்டுவிட்டால் இனி எங்கேயும் நிற்க மாட்டேன் என்று பயமாக இருக்கிறது.

அதனால் ஒரு யோசனை. அம்மாவின் செட் முழுக்க முழுக்க நான் செய்தது. பாலிஷ்காரர் தொடவே இல்லை, ஒரு புகாரும் இல்லை. இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்குமா? செட் எப்படிப் பொருந்துகிறது என்று அம்மா கைப்பட நாலு வரி எழுதி வாங்கி அனுப்பு. மேனேஜரம்மாவிடம் காட்டப் போகிறேன். சீக்கிரம்.

உன் தம்பி

*

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

சுகமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. நீ கடிதத்துக்குக் கணக்காகப் பதில் போடுகிற ஆள் ஆயிற்றே.

அம்மாவின் கடிதம் வந்துகொண்டிருக்கிறது என்று மேனேஜரம்மாவிடம் சொல்லிவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். பாலிஷ்காரர் காதுக்கும் எட்டிவிட்டது. ஜன்னல் கதவை முன்பைவிட வேகமாகச் சாத்துகிறார்.

போன ஞாயிறு அம்மாவே போனை எடுத்தாள். "நல்லா இருக்கியாப்பா?" என்று ஒரு கேள்வி, உடனே உன்னிடம் கொடுத்துவிட்டாள். லைனில் ஏதோ டக்டக்கென்று சத்தம். உங்கள் பக்கம் லைன் சரியில்லை போலிருக்கிறது. புகார் கொடு.

நாலே வரிதான் கேட்டேன்.

தம்பி

*

மே 6

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

தாமதத்துக்குக் கோபிக்காதே. கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, தலை நிமிர நேரமில்லை. அம்மா எழுதியது கீழே. நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

"என் மகன் செய்து கொடுத்த பல் செட் பார்ப்பதற்கு முத்து வரிசை மாதிரி இருக்கிறது. நிறம் நன்றாக இருக்கிறது. வைத்துக் கொடுத்த டப்பாவும் நன்றாக மூடுகிறது. அவன் பொறுப்பான பிள்ளை. இப்படிக்கு, அவன் அம்மா."

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

மே 8

தம்பி,

எல்லாரும் நலம். நீ இதைப் படித்து முடித்த பிறகும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போன கடிதத்தை மேனேஜரம்மாவிடம் காட்டாதே. காட்டியிருந்தால் திருப்பி வாங்கிக்கொள்.

அதைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, டீயில் ரொட்டியை ஊறவைத்து, வலது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். பழைய டக்டக் செட்தான் வாயில். நீ செய்தது அலமாரியில், டம்ளரில். "எழுதி அனுப்பிட்டியா? டப்பாவைப் பத்தி எழுதினது ஜாஸ்தியா போச்சோ?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உன் செட் அம்மாவுக்குச் சேரவில்லை. இடது பக்கம், கீழே, ஓரம் குத்துகிறது. வந்த முதல் வாரமே புண்ணாகிவிட்டது. இரண்டு நாள் கண்ணீரோடு போட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கழற்றினாள். "அவன்கிட்ட சொல்லாதே. இப்பதான் ஒரு வேலையில நிலைச்சு நிக்கிறான். என் ஈறு வலிச்சா குடியா முழுகிடும்?" என்றாள். நானும் சரி என்றேன். உன் கடிதங்களைப் பார்க்கப் பார்க்க, இந்த நேரத்தில் இதைச் சொன்னால் மறுநாளே ராஜினாமா கொடுத்துவிடுவாய் என்று பயந்தேன். போனில் பேசினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அவள் போனுக்கு வரவில்லை. பல் கட்டப் போகிற கவுண்டர் பெண் என்று யாரும் இல்லை.

முகத்துக்கு நேரே சொல், முகத்துக்கு நேரே சொல் என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதிய அக்கா செய்த காரியம் இது. வெட்கமாக இருக்கிறது.

செட்டை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். வலிக்கிற இடத்தை அம்மாவே பேனாவால் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறாள். ராஜினாமா கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை போன் பண்ணு. கத்தினாலும் நான் வைக்க மாட்டேன்.

அக்கா

*

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். முதலில் அம்மாவிடம் சொல், எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. உன் மேல் இரண்டு நாள் இருந்தது.

ராஜினாமா கொடுக்கவில்லை. பார்சலைப் பிரித்த அன்று கொடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். மேனேஜரம்மாவின் கதவு வரைக்கும் போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். வெளியே நின்றபடி டப்பாவைத் திறந்து அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தை விரலால் தடவினேன். ஒரு சுவர் மாதிரி நின்றது அக்கா. இதைப் பாலிஷ்காரர் ராவாமல் விட்டார் என்று சொல்ல முடியாது. ராவியவனும் நான், வைத்தவனும் நான். அவர் ராவுவார், ராவுவார் என்று கனமாகவே வைத்து வைத்து, அவர் இல்லாத செட்டிலும் என் கை அப்படியே வைத்திருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் பாலிஷ் அறைக்குப் போனேன். மாஸ்க் இல்லாமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். செட்டை அவர் முன்னால் வைத்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என் கை பட்டது இல்லையே. யார் கட்டின சுவர் இது?"

"நான்தான் அண்ணே. எங்கம்மாவுக்கு. புண்ணாயிடுச்சாம். நாலு மாசமா டீயில ரொட்டியை ஊறவச்சு சாப்பிடுறாங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"நீ ஏன் இவ்வளவு கனமா வைக்கிறே?"

"நீங்க ஜாஸ்தியா ராவுறீங்கன்னு."

"நான் ஏன் ஜாஸ்தியா ராவுறேன்? நீ கனமா வைக்கிறேன்னு."

செட்டின் ஓரத்தை அவரும் விரலால் தடவினார். அப்புறம் அவர், "அப்போ அந்த லீவுல வந்த ஆளு ஒழுங்காத்தான் மெழுகு வச்சிருக்கான். நான்தான் வழக்கம்போல ராவித் தள்ளியிருக்கேன்" என்றார். "உங்களுக்குப் பதிலா வந்தவரும் ஒழுங்காத்தான் ராவியிருக்கார், நான்தான் சுவர் வச்சிருக்கேன்" என்றேன். நான் இல்லாததால் அவர்தான் குற்றவாளி, அவர் இல்லாததால் நான்தான் குற்றவாளி என்று இத்தனை நாளாக மேனேஜரம்மாவிடம் போட்டுக்கொடுத்தது பாதி பாதி நிஜம்தான். ஒரு வருடம் ஒருத்தர் தப்பை ஒருத்தர் திருத்திக்கொண்டே வந்திருக்கிறோம், வாயைத் திறக்காமல்.

அம்மாவின் செட்டை அவரே மெஷினில் பிடித்தார். புள்ளி இருந்த இடத்தை ராவ டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எந்தக் கை படக்கூடாது என்று விடுமுறை நாளில் சாவி வாங்கிப் போனேனோ, அந்தக் கைதான் அதற்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். லைன் சரியில்லை என்று எழுதினேனே, அது லைன் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம், தெரியாமல் இருக்குமா? கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்து கேட்காமல் இருந்தேன். ஆகவே நீ மட்டும் வெட்கப்பட வேண்டாம், பங்கு எனக்கும் உண்டு.

செட்டைக் கொஞ்ச நாளில் அனுப்புகிறேன். ஜூன் கடைசி வரப்போகிறது. மேனேஜரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் ஒழுங்காகச் செய்து காட்டிவிட்டுப் பேசலாம் என்று இருக்கிறோம்.

அன்புடன்,
தம்பி

*

ஜூன் 3

என் தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். லைன் விஷயம் வந்ததும், "திருட்டுப் பய" என்றாள். அவள் திட்டி எவ்வளவு நாளாயிற்று! மனசு லேசாகிவிட்டது.

ஒழுங்காகச் செய்து காட்டிவிட்டுப் பேசுவோம் என்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒன்று. பல் செட்டை மறைத்து நான் பட்டது போதும். மேனேஜரம்மாவிடம் இப்போதே போங்கள், இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.

இந்தத் தடவை இது கவுண்டரில் படித்த பாடம் இல்லை, நானே பட்டுச் சொல்வது.

அக்கா

*

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வேலை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ நடுவரியைத் தேடி ஓடுவாய்.

உன் பேச்சைக் கேட்காமல் செய்து காட்டத்தான் பார்த்தோம். நான் மெழுகை ஒழுங்காக வைத்தேன். அவர் லேசாக ராவுவதாகச் சொன்னார். ஆனால் பழகின கை சொன்னபடி கேட்கிறதா? முதல் செட்டையே பழைய வேகத்தில் ராவித் தள்ளிவிட்டார். கழன்று விழுகிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். ஜூன் நடுவில், எச்சரிக்கைக் கடிதம் கையில் இருக்கும்போது.

திரும்பி வந்த செட் மேனேஜரம்மாவின் மேஜைக்குப் போய்விட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எழுந்து போகும்போது பாலிஷ்காரர் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "உங்களை நான் கூப்பிடலையே" என்றார் மேனேஜரம்மா.

"தெரியும்மா. இது நான் ராவினது. இவன் இந்தத் தடவை சரியாத்தான் வச்சான்."

நான் மற்றதைச் சொன்னேன். அம்மாவின் செட், என் சுவர், அவர் ராவல், எல்லாம். மேனேஜரம்மா பேனாக்களை அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இதை ஏன் முன்னாடியே ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்லல?"

"நீங்க சேர்த்துக் கூப்பிடவே இல்லையேம்மா" என்றார் பாலிஷ்காரர்.

"அதையும் நான்தான் செய்யணுமா?" என்றார். முகம் சிவந்துவிட்டது. எங்களை வெளியே அனுப்பிவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் முடிவு வந்தது. யாரையும் அனுப்பவில்லை. எச்சரிக்கை இரண்டு பேர் பேரிலும் அப்படியே இருக்கும். எனக்கு வர வேண்டிய சம்பள உயர்வு அடுத்த வருடம்தான். எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தன் பக்கம் தப்பு என்று மேனேஜரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் தச்சர் வந்து ஜன்னல் கதவைக் கழற்றிக்கொண்டு போனார். இப்போது மெஷின் தூசி முழுக்க என் மேஜையில்தான். நாள் முழுக்கத் தும்முகிறேன். ஒவ்வொரு தும்மலுக்கும் அவர் அந்தப் பக்கத்திலிருந்து "ஆச்சா?" என்கிறார்.

அம்மாவின் செட்டைத் தனியே அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்.

உன் தம்பி

*

ஜூலை 5

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ தும்முவது தவிர நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். மேஜையில் ஈரத்துணி போட்டு வை. அம்மாவுக்குக் கடிதத்தில் இடம் வேண்டுமாம், பேனாவைப் பிடுங்குகிறாள்.

"மகனே, செட் வந்தது. இடது பக்கம் இப்போது குத்தவில்லை. வலது பக்கம் லேசாக ஆடுகிறது. முன்பல் ஒன்று கொஞ்சம் நீளம், சிரித்தால் முயல் மாதிரி இருப்பதாக உன் அத்தான் சொல்கிறார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நிறம் அதிக வெள்ளை, என் வயசுக்கு அவ்வளவு வேண்டாம். போன தடவை எழுதினேனே டப்பா, அதுவும் உண்மையில் சரியாக மூடாது. பாலிஷ் போட்ட தம்பியிடம், வலது பக்கம் கை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று நான் சொன்னதாகச் சொல். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் அங்கே வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்து கொடுங்கள். அம்மா."

பார்த்தாயா? பேசு பேசு என்று திறந்துவிட்டோம், இனி மூட முடியாது. நேற்று என் சமையலைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போன் பண்ணு. குளிக்கவும் மாட்டாள், தூங்கவும் மாட்டாள். கடையிலிருந்து ஒரு ஆப்பிள் வாங்கிவரச் சொல்லி, அதை அலமாரியில் அந்தக் கண்ணாடி டம்ளருக்குள் வைத்திருக்கிறாள். யாரையும் தொட விடவில்லை. நீ லைனில் வந்த பிறகுதான் கடிப்பாளாம்.

அக்கா